பெண்டாட்டி காலில் அட்டை

“தன் பொண்டாட்டி காலைத் தொட்டுட்டான்க்கா அந்த வெள்ளைக்காரன். அதுலருந்து எங்க வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கல.”

வட்டவடையிலிருந்து மூணாறுக்குப் போன ஜீப்பில், பூண்டு மூட்டைகளுக்கு நடுவே, எனக்கு எதிரே தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். சொன்னவள் இளையவள்.

“எந்த வெள்ளைக்காரன்டி?” என்றாள் மூத்தவள்.

“முதுகுல மூட்டையோட ஒரு சோடி வந்துச்சுல்ல, ரெண்டு பேருக்கும் இடுப்பு வரைக்கும் முடி? இவருதான் காட்டருவிக்கு வழி காட்டப் போனாரு. போற வழியெல்லாம் அட்டை.”

“அட்டை ஏறாம காலுல சவுக்காரக் கட்டி பூசிக்கச் சொல்லலையா?”

“இவரு பூசிக்கிட்டாரு. அவுகளுக்குச் சொல்ல மறந்துட்டாராம். அந்தம்மா கத்துன கத்துல குரங்கெல்லாம் மரம் மாறிடுச்சாம். அப்புறம் பாறையில உக்காந்து காலை நீட்டிருக்கா. அவன் மண்டி போட்டு ஒவ்வொண்ணாப் பிடுங்கிருக்கான்.”

“நமக்குத் தினமும்தான் காலு நிறைய அட்டை. எவன் பிடுங்குறான்? சரி, அருவி எப்படி இருந்துச்சாம்?”

“அருவியை யாருக்கா பாத்தா? இவரு அந்தக் கூத்தையேல்ல பாத்துட்டு நின்னிருக்காரு. வீட்டுக்கு வந்து, ‘அவனெல்லாம் ஒரு ஆம்பளையா’ன்னு ஒரே கத்து.”

“நீ என்ன சொன்ன?”

“மறுநாள் கொழுந்து கிள்ளிட்டு வந்ததும், அட்டையோட காலை அவரு முன்னால நீட்டினேன்.”

“அடிப்பாவி! எடுத்தாரா?”

“கதவைச் சாத்திட்டு எடுத்தாரு.”

டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த மீசைக்காரர் திரும்பாமலே சொன்னார்:

“வீட்டுக் கதவைத்தான் சாத்துனேன். ஜீப்புக்குக் கதவு கிடையாதுடி. மெதுவாப் பேசு.”