மாதிரிக்கு விட்ட இடது கால்

என் மனைவி ஹெப்சிபாவின் தோலுக்கு நான் வைத்த விலை ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா. டப்பாவோடு சேர்த்துத்தான். அதற்குக் குறைத்துச் சொன்னால் சரக்கின் மேல் சந்தேகம் வரும். கூட்டிச் சொன்னால், வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போய்விடுவார்கள். வீட்டுக்காரரிடம் கேட்க முடியாத சரக்கு அது. ஆகவே அந்த விலை.

இன்ஸ்பெக்டர் ஐயா அவசரப்படாமல் எழுதிக்கொள்ளலாம். நான் செய்தது எதையும் மறைக்கப்போவதில்லை.

பெயர் அப்பாத்துரை. பாளையங்கோட்டைக் கடைத்தெருவில் சோப்பு, அத்தர், சீப்பு, கண்ணாடி விற்கிறேன். என் அப்பா உடன்குடியில் கருப்பட்டித் தரகர். கைமேல் துண்டைப் போட்டு, துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிற ஆள். பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியாது. முகத்தைப் பார்த்தும் தெரிந்துகொள்ளக் கூடாது. அவர் எனக்கு விட்டுப்போன சொத்து இந்த முகம்தான். காலையிலிருந்து நீங்கள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

போன தை மாதம் தூத்துக்குடிக்குச் சரக்கெடுக்கப் போனேன். அங்கே துறைமுகத்தில் கப்பல் சாமான் வாங்கி விற்கிற ரேமண்ட் என்கிற சிநேகிதர், சீமைக் கடைப் புத்தகம் ஒன்றைக் காட்டினார். அதில் ஒரு துரைசானி ரப்பர் உருளையைத் தொடைமேல் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். தோலில் விழுகிற பள்ளம் மேட்டை அது சமன் செய்யுமாம். அப்படி ஒரு குறை பெண்களுக்கு உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். குறை இருந்தால் மருந்து விற்கும். உருளை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை ஹெப்சிபா எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கையில் கூர்ந்து பார்த்தேன்.

"ஏளா, இது என்ன இங்கன, குண்டும் குழியுமா?"

"எது?"

"தொடையில. தூறல் விழுந்த ஆத்து மணல் மாதிரி இருக்கு."

அவள் குனிந்து பார்த்தாள். "எல்லாப் பொம்பளைக்கும் இப்படித்தான் இருக்கும். உங்க தொப்பைக்கு அந்தப் பொஸ்தகத்துல உருளை போடலியாக்கும்?" என்று சொல்லிச் சிரித்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் குளிக்கப் போகும்போது கையில் சின்னக் கண்ணாடி இருந்தது. வியாபாரத்தில் பாதி முடிந்துவிட்டது என்று அப்போதே எனக்குத் தெரியும்.

ஆனால் பரீட்சை பார்க்காமல் எதையும் விற்கிறவன் இல்லை நான். கருப்பட்டி வாங்கினால் மாதிரிக்கு ஒரு சில்லு தனியாக எடுத்து வைத்து, வந்த சரக்கை அதோடு ஒத்துப் பார்ப்போம். அதே முறையைத்தான் கையாண்டேன். வைத்தியமெல்லாம் வலது காலுக்கு. இடது கால் மாதிரிக்கு. அதைத் தொடக்கூடாது என்று சொன்னேன். அவள் சொன்ன சொல் தவறாமல் நடந்தாள்.

உருளையை நாற்பது நாள் உருட்டினாள். தோல் சிவந்தது, சிவப்பு இருக்கிறவரை பள்ளம் கொஞ்சம் மூடினாற்போலத் தெரிந்தது, சிவப்பு போனதும் பள்ளம் வந்துவிட்டது. பிறகு பிரசவத்துக்குப் பின் பெண்களைப் பிடித்துவிடுகிற ஆவுடைத்தாயைக் கூப்பிட்டு, நல்லெண்ணெய் வைத்துப் பிசையச் சொன்னேன். காலையில் பிசைந்தால் மத்தியானம் வரை தாங்கும். பயற்றுமாவும் எலுமிச்சைத் தோலும் அரைத்துப் பூசினோம். தோல் வாசனையாக இருந்தது, அவ்வளவுதான். ஈரத்துணியை இறுக்கிச் சுற்றிக் கட்டினோம். அவிழ்த்தபோது தொடையில் துணியின் நெசவு பதிந்திருந்தது. அதைப் பார்த்து, "பத்தமடைப் பாய் கணக்கா இருக்கு. விரிச்சுப் படுத்துக்கிடுதீயளா?" என்றாள்.

யாராவது உங்களிடம் கேட்டால் நான் சொன்னதாகவே சொல்லலாம். இந்தக் குறைக்குச் சந்தையில் விற்கிற எதுவும் கேட்காது. கேட்பதெல்லாம் வீக்கம் இருக்கிறவரைதான். இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவன் சொல்கிறேன்.

ஆடி பிறந்தபோது நான் விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். அவள் விடவில்லை.

"யாரு பாக்கப் போறா?" என்று கேட்டேன்.

"நான் பாக்கேன்லா" என்றாள்.

பேனுக்கும் சொறிக்கும் போடுகிற வெள்ளைக் களிம்பு ஒன்று ரேமண்டிடம் பெட்டிக் கணக்கில் கிடந்தது. பாதரசம் சேர்ந்த சரக்கு. துவரம்பருப்பளவுதான் எடுக்கவேண்டும், மூன்று நாளைக்கு மேல் போடக்கூடாது என்று டப்பாவில் காகிதம் ஒட்டியிருந்தது. ரேமண்ட் அதை வாய்விட்டு வாசித்துக் காட்டித்தான் கொடுத்தார். நாற்பத்தெட்டு டப்பா வாங்கினேன். காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றினேன். தாழம்பூ அத்தர் கலந்து, பட்டுக் களிம்பு என்று புதுக் காகிதம் ஒட்டினேன். ஹெப்சிபாவுக்கு இரண்டு வேளை, தொடை முழுக்க, வலது காலுக்கு.

ஆறாவது வாரம் வலது கால் வழவழவென்று ஆகிவிட்டது. சிவப்பு இல்லை, எரிச்சல் இல்லை. மறுநாளும் அப்படியே இருந்தது. சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க வந்து பாருங்க. இடது காலும் சரியாப் போச்சு. ஒரு காலுக்குத் துட்டு வாங்கிட்டு மத்த காலுக்கு ஓசியாக் குடுக்குதீயளே, இப்படி யாவாரம் பண்ணுனா வெளங்குமா?"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. களிம்பு தொடாத கால் அது. தொடாத கால் மாறினால், மருந்து தோலில் நிற்கவில்லை, உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். மாதிரியை ஒத்துப் பார்த்தே வளர்ந்தவனுக்கு இது தெரியாமல் போகாது. ஐயா கேட்கிற தேதி இதுதான் என்றால், எனக்குத் தெரிந்தது அன்றைக்கு. ஆவணி மாதம், ஒரு வியாழக்கிழமை.

ஆவுடைத்தாய் வாரத்துக்கு ஒரு தடவை கைகால் பிடித்துவிட வந்துகொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை அவள் கடைக்கே வந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, விரல் வச்ச இடத்துல குழி விழுந்து அப்படியே கெடக்கு. எந்திரிக்க மாட்டேங்கு. இது வழவழப்பு இல்ல, தண்ணி."

"தண்ணின்னா வடிஞ்சிரும்."

"காலையில மூஞ்சியப் பாத்தியளா? கண்ணத் தெறக்க முடியல அந்தப் பிள்ளைக்கு. மூத்திரமும் கொஞ்சமாத்தான் போகுதாம், அதும் பதனி மாதிரி நுரைச்சுக்கிட்டு. பெரியாசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவளுக்குப் பேசிய கூலிக்கு மேல் எட்டணா கொடுத்து, இனி வரவேண்டாம் என்று சொன்னேன். உங்களிடம் வந்து சொன்னது அவள்தான் என்று ஊகிக்கிறேன். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வேதக்கோவில் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வருகிற பெண்களை ஹெப்சிபா உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் காட்டத் தொடங்கியிருந்தாள். ஒரு காலுக்குப் போட்டால் இரண்டு காலுக்கும் கேட்கும் என்று சொல்லும்படி நான் சொல்லிக் கொடுத்தேன். நல்ல பேச்சு அது, வாங்க வருகிறவளுக்குப் பாதி டப்பா மிச்சம் என்று தோன்றும். முதலிலேயே ஒவ்வொருத்திக்கும் வாக்குக் கொடுத்தேன், பேரை எழுதிவைக்க மாட்டேன், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று.

புரட்டாசியில் ஒரு நாள் ஹெப்சிபா, "நிறுத்திரட்டுமா?" என்று கேட்டாள். "களிம்பு போட ஆரம்பிச்சதுல இருந்துதான் இந்த வீக்கம். எனக்கென்னமோ அப்படித்தான் தோணுது."

சாத்தான்குளத்துச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடிப்பதைச் சின்ன வயதில் அவளும் பார்த்திருக்கிறாள். கல்யாணமான புதிதில் நாங்கள் அதை விளையாட்டாகச் செய்வோம். சீலை வாங்க, ஊருக்குப் போக, எல்லாம் முந்தானைக்குள் விரல் பிடித்துத்தான். அன்றைக்கும் அவள் முந்தானையை என் கைமேல் போட்டாள். உள்ளே கையை மூடிப் பிடித்தாள். இன்றைக்கே நிறுத்துகிறேன் என்று அர்த்தம்.

மூடிய கையைப் பிரித்து மூன்று விரலைப் பிடித்தேன். மூன்று வாரம்.

விரல்கள் ஊதியிருந்தன. கல்யாண மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் சொன்னேனே, என் முகத்தில் ஒன்றும் தெரியாது. சற்று நேரம் பார்த்துவிட்டு, "சரி, நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று விலையை ஒத்துக்கொண்டாள்.

ஏன் நிறுத்தவில்லை என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். நிறுத்தினால் வீக்கம் வடியும். வடிந்தால் பள்ளம் திரும்ப வரும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நான் எதைக் காட்டுவது?

மூன்று வாரம் முடிய இரண்டு நாள் இருக்கையில் அவள் இறந்துபோனாள். கடைசி வாரம் மூச்சு வாங்கியது, படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே இருந்தாள். அப்போதும் வலது காலுக்கு அவளே தேய்த்துக்கொண்டாள். கை எட்டாத இடத்துக்கு நான் தேய்த்துவிட்டேன். ஆசுபத்திரி டாக்டரை வரவழைத்தது கடைசி நாள்தான். உடம்பில் நீர் கோத்த வியாதி என்றார். என்ன மருந்து சாப்பிட்டாள் என்று கேட்டார். எதுவும் சாப்பிடவில்லை என்று சொன்னேன். அது உண்மை.

சவத்தைக் குளிப்பாட்டிய பெண்கள் வெளியே வந்து, கைக்குழந்தைத் தோல் மாதிரி இருந்தது, ஒரு சுருக்கமில்லை என்று பேசிக்கொண்டார்கள். என் காதில் விழுந்தது. அடக்கம் முடிந்து பத்து நாளில் அவர்களில் ஐந்து பேர் கடைக்கு வந்தார்கள். ஐந்து பேருக்கும் கொடுத்தேன். வேறு யாரிடமாவது போய்க் கலப்படச் சரக்கை வாங்கிவிடக் கூடாதே.

கொன்றாயா என்று கேட்டால், ஆமாம். கைவிரலைப் பிடித்து, மூன்று வாரம் விலை பேசிக் கொன்றேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இனிச் சரக்குக் கணக்கு. வாங்கியது நாற்பத்தெட்டு டப்பா. ஹெப்சிபாவுக்குத் தீர்ந்தது மூன்று. உங்கள் ஆட்கள் அலமாரியிலிருந்து எடுத்துவந்தது முப்பத்தொன்று. ஆக, வெளியே நிற்பது பதினான்கு. தண்டோரா போட்டுப் பார்க்கலாம் என்கிறீர்கள். போடுங்கள். தன் வீட்டில் அது இருக்கிறது என்று ஒத்துக்கொண்டு எடுத்துத்தர எந்தப் பெண்ணும் வரமாட்டாள். அதனால்தான் பேர்களை என்னிடம் கேட்கிறீர்கள், பதினான்கும் எனக்கு மனப்பாடம் என்பதும் உங்களுக்குத் தெரிகிறது. ஆனால் ஐயா, அவர்களுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். எங்கள் தொழிலில் வாக்குத் தவறினவனை மனுசனாகவே மதிக்கமாட்டார்கள். பதினான்கு என்று மட்டும் போட்டு, பாக்கி என்று எழுதிவிடுங்கள்.