அவன் அண்ணாந்து பார்த்தது

ஜெனிற்றா: அப்பா, இன்னும் சாரத்தோடயா? உடுப்ப மாத்துங்க. மீனவர் சங்கக் கட்டிடத்தில எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்காங்க!

பீற்றிஸ்: நிக்கட்டும். எனக்கு வயிறு சரியில்ல.

ஜெனிற்றா: காலையில ரெண்டு கோப்பை புட்டுத் திண்ட வயிறுதானே? மஜீட் மாமா, நீங்களாவது சொல்லுங்க. ஒரே போட்டில கடலுக்குப் போன ஆக்கள்...

மஜீட்: எனக்கு முழங்கால் உளையிது, புள்ள.

ஜெனிற்றா: நல்ல சோடி! கடலில ஜெட் விழுந்து சாகக் கிடந்த வெளிநாட்டுப் பைலட்டக் காப்பாத்திப்போட்டு, வீட்டில ஒரு சொல்லுச் சொல்லல்ல. அவன் உங்கட போட் நம்பரச் சொல்லித் தேடினபடியாத்தானே ஊருக்கே தெரியும்?

பீற்றிஸ்: சும்மா நன்றி சொல்ல ஒருத்தன் போர்க்கப்பல விட்டு இறங்கி வருவானா? என்னமோ இரிக்கி.

ஜெனிற்றா: ஒண்டுமில்லப்பா. பரசூட் கயிறு கழுத்தில சுத்தி அவனக் கீழ இழுத்ததாம். நீங்க கத்தியால வெட்டி விட்டீங்களாம். மறுகா, ஹெலிக்கொப்டர் வந்து அவனத் தூக்க இடம் விட்டு விலகிப் போனீங்களாம். பாதர் அதத் தமிழில சொல்லக்குள்ள சனம் அழுதிட்டு.

மஜீட்: இடம் விட்டமாமா... கேட்டியாகா, பீற்றிஸ்?

பீற்றிஸ்: வாயப் பொத்து.

மஜீட்: நான் அண்டைக்கே வேணாமெண்டு சொன்னன்.

பீற்றிஸ்: சொல்லிச் சொல்லி மற்றப் பக்கத் தொங்கலப் புடிச்சு இழுத்தது ஆரு?

ஜெனிற்றா: என்னத்த இழுத்த?

பீற்றிஸ்: ...வலைய.

ஜெனிற்றா: ஒரு உசிரக் காப்பாத்திப்போட்டு வெக்கப்படுற ஆக்கள இப்பதான் பாக்கன்.

பீற்றிஸ்: சண்டைக் காலத்தில கடலில ஆள ஏத்தினவன் கரையில என்ன பட்டான் எண்டு உனக்குத் தெரியாது.

ஜெனிற்றா: இப்ப என்ன சண்டையா? மாலை போடத்தானே கூப்பிடுறாங்க. எழும்புங்க. பாவம், அந்த மனுசன் வெயில் தாங்கமாட்டான் எண்டு முற்றத்தில மேற்கட்டியும் கட்டியிருக்கு.

மஜீட்: என்ன... மேற்கட்டி?

ஜெனிற்றா: அப்பா மாதா திருநாளுக்குக் கோயிலுக்குக் குடுத்தாரே, டவுனில வாங்கினதெண்டு... செம்மஞ்சளும் வெள்ளையும். அதத்தான். அவன்ட கதிரைக்கு நேர மேல.

மஜீட்: யா அல்லாஹ்!

ஜெனிற்றா: ஏன் மாமா? நல்ல வழுவழுப்பான துணி. அவனும் வந்த நேரத்திலயிருந்து அண்ணாந்து அதத்தான் பாக்கான்.

பீற்றிஸ்: பாப்பான்... அது அவன்ட பரசூட், மகள். துணிக்காகத்தான் கயித்த வெட்டின. அவன் போட்டில ஏறக் கைய நீட்டினான்... நாங்க அவன விட்டுப்போட்டு எஞ்சின முடுக்கிட்டம்.