முன்பக்க இடது இருக்கை

வெளிர் நிறத் தோல் இருக்கைக்கு ஆசைப்படுகிறவர்கள் முதலில் காருக்குள் டுரியான் தின்பதை விட்டுவிட வேண்டும். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், ஒருவரும் கேட்டதில்லை.

இந்த மூவார் ஊரில் பத்தொன்பது வருஷமாகக் கார் சுத்தம் செய்யும் கடை வைத்திருக்கிறேன் ஐயா. காப்பி, பேனா மை, புது ஜீன்ஸின் நீலச் சாயம், பிள்ளைகளின் வாந்தி, எல்லாம் என் கையால் போயிருக்கிறது. அவசரப்பட்டால் தோல் பாழாகிவிடும். கறையை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுக்க வேண்டும், தேய்த்தால் பரவும். ரத்தம் என்றால் பச்சைத் தண்ணீர்தான். சுடுதண்ணீர் பட்டால் அப்படியே பிடித்துக்கொள்ளும். இதை நீங்கள் கேட்கவில்லை, தெரியும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான் வருகிறது.

என் தங்கை சல்பியாவின் கணவன் கமாருல். அந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்ததே நான்தான். நல்ல மாப்பிள்ளை பிடித்துக் கொடுத்தான் என்று ஊரே என்னைச் சொல்லும். அவன் காரில் முன்பக்க இடது இருக்கை அவள் உட்காரும் இடம். முதல் தடவை அதில் ரத்தத்தைப் பார்த்தபோது, “மூக்குல ரத்தம் வந்துருச்சு மச்சான், உஷ்ணம்” என்றான். மூவாரில் உஷ்ணத்துக்குப் பஞ்சமில்லை, நம்பினேன். இரண்டாவது தடவை அவன் காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அவனுக்குத்தானே சங்கடம்.

நோன்புப் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, ஊருக்குப் போகிறவர்களின் கார்கள் சாலை வரைக்கும் வரிசையில் நின்றன. சல்பியா தானே காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். உதடு வீங்கியிருந்தது. முக்காட்டை இழுத்து மறைத்திருந்தாள்.

“அண்ணே, அந்த சீட்ட மட்டும் தொட்டுடாத. சாயங்காலம் போலீஸ்லருந்து ஒரு அம்மா வர்றாங்க. அவங்க பார்க்கணும்.”

“பெருநாள் நேரத்துல எதுக்கு போலீசு? ஊரு சிரிக்கும்டி.”

“சிரிச்சிட்டுப் போகட்டும். ஒருநாள் என்னைக் கொன்னுருவான்ணே. வீட்ல நிறுத்துனா அவனே கழுவிருவான், அதான் இங்க கொண்டாந்தேன். பூட்டி வை, அது போதும்.”

சரி என்றேன். அவள் போனதும் கதவைத் திறந்து பார்த்தேன். நான்கு விரல் அகலம், தையல் வரை இறங்கியிருந்தது. பெருநாளன்று எங்கள் அம்மா வெள்ளை உடுத்திக்கொண்டு அந்த இருக்கையில்தான் ஊருக்கு வர வேண்டும். நான் வேறு என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள். அம்மாவிடம் என்ன சொல்வது, ஊருக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் கை வேலையை முடித்துவிட்டது.

சாயங்காலம் சல்பியாவோடு வந்த அந்த போலீஸ் அம்மையார் விளக்கு அடித்துப் பார்த்தார். புதுக் கார் மாதிரி இருக்கிறதே என்றார். சல்பியாவின் உதட்டைப் பற்றிக் கேட்டார். குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்று நான்தான் சொன்னேன். சல்பியா என்னைத் திட்டவில்லை.

“நல்லா வேலை செய்றண்ணே,” என்றாள்.

பெருநாள் காலையில் தொழுகை முடிந்து வந்ததும் கமாருல் என் கையை முத்தமிட்டு, அறிந்தும் அறியாமலும் செய்த பிழையெல்லாம் பொறுக்கச் சொன்னான். அன்றைக்குக் கேட்டால் பொறுத்தே ஆக வேண்டும், எங்கள் வழக்கம் அது. பொறுத்தேன். பிறகு சல்பியாவைக் கூப்பிட்டு, அவன் முன்னால் மண்டியிட்டு அவளும் மன்னிப்புக் கேட்கட்டும் என்றேன். கேட்டாள். அம்மா சந்தோஷத்தில் அழுதுவிட்டார். பழையதெல்லாம் அதோடு போயிற்று என்று எடுத்துக்கொண்டேன். அந்த வருஷம் தேங்காய்ப்பாலில் வற்றவைக்கிற ரெண்டாங் இறைச்சியும் பதமாக அமைந்திருந்தது.

பெருநாள் கழிந்து பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை. மதியத் தொழுகைக்காகக் கடையைச் சாத்தப்போகும் நேரத்தில் கமாருல் காரோடு வந்தான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான்.

“வழியில சண்டை மச்சான். கை நீட்டிட்டேன். அவள வீட்ல படுக்க வச்சிட்டு வந்தேன். யாராவது பாக்குறதுக்குள்ள இத...”

இந்தத் தடவை இருக்கை முழுவதும் நனைந்திருந்தது. அது பொடித் துளை போட்ட தோல். தண்ணீர் உள்ளே இறங்காமல் ஒவ்வொரு துளையாகப் பஞ்சுக் குச்சியால் எடுக்க வேண்டும். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. எனக்கு அழுகை அடங்கவில்லை, அழுதுகொண்டேதான் துடைத்தேன். என்னால் எதுவும் ஆகவில்லை ஐயா, நான் சாதாரண ஆள்.

அதற்குப் பிறகு அவள் வீட்டுக்குப் போனேன். மருத்துவர் எழுதியதை நீங்கள் படித்திருப்பீர்கள். ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்கிறார்.

அவள் இறந்துவிட்டாள் என்று நினைத்துத்தான் கழுவினேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அதை அடித்துவிடுங்கள். பஞ்சுக் குச்சியைக் கையில் எடுப்பதற்கு முன்பே கமாருலிடம் கேட்டேன்.

“மூச்சு இருக்கா?”

“இருக்கு மச்சான்.”

“அப்ப மொதல்ல இத முடிச்சிரலாம்,” என்றேன்.