கேட்கச் சொல்லிச் சட்டம் இல்லை

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு காலை, தீவிலிருந்து கடலைக் கடந்து பட்டர்வொர்த் துறைமுகத்துக்குப் போகும் ஃபெரியில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு சோயா பால் தொழிற்சாலையில் வேலை செய்பவள் என்று பேச்சில் தெரிந்தது. மூத்தவள் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி, மடியில் கைக்குழந்தை.

"சோயாவில வேற செடியோட ஜீனைச் சேக்கிறாங்களாமே, நெசமா?" என்று மூத்தவள் கேட்டாள்.

"வெளிநாட்டில சேக்கிறாங்கக்கா. கப்பல்ல அதுவும் சாதா சோயாவும் கலந்துதான் வருது."

"இவளுக்கு மாட்டுப் பால் குடுத்தா மூச்சுத் திணறுது. கடலை பட்டாலும் அப்படித்தான். சோயா ஒண்ணுதான் ஒத்துக்குது. அதில கடலை ஜீனைச் சேத்திருந்தா எனக்கு எப்படித் தெரியும்? பாக்கெட்ல போட மாட்டாங்களா?"

"போடணும்னு இன்னும் சட்டம் இல்லக்கா. தலைநகர் கே.எல்.ல கவர்மெண்ட்ல பேசிக்கிட்டு இருக்காங்களாம். நம்ம சோயாவில என்ன கலந்திருக்குன்னு நானே எங்க மேனேஜர்கிட்ட கேட்டேன். நமக்குச் சோயா விக்கிறவன்கிட்ட விசாரிக்கணும்னு சட்டம் வரட்டும், அப்ப விசாரிப்போம்னுட்டார்."

"அது எப்ப வரும்?"

"வருஷக் கணக்காகும்க்கா."

மூத்தவள் இளையவள் பக்கம் திரும்பினாள்.

"உன் மகனுக்கு நீ என்ன குடுக்கிற?"

"போன மாசமே சோயாவை நிறுத்திட்டேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எனக்கே உறுதியாத் தெரியாதுக்கா. பாப்பாவுக்கு வேற பாலும் ஒத்துக்காது. என்னன்னு சொல்றது?"

குழந்தை பசியில் அழத் தொடங்கியது. மூத்தவள் பையிலிருந்து சோயா பால் புட்டியை எடுத்து, மூடியைத் திறக்காமல் வைத்திருந்தாள். அழுகை கூடியதும் கொடுத்தாள். ஃபெரி கரை சேரும்வரை குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதையே இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.