பாங்கு நேரத்தில் விழும் கம்ப்யூட்டர்

இருந்தவர்கள்: மப்ரூகா, துனிசியாவின் டோசர் ஊரில் பேரீச்சம்பழ ஆலையில் தரம் பிரிக்கும் பெல்ட்டை ஓட்டும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவள். அனீஸ், அதைச் சரிசெய்ய வந்தவன். கடைசியில் வந்தவர் சி லஸ்ஹர், முதலாளி; 'சி' என்றால் அங்கே ஐயா.

— தூசின்னாங்க, சூடுன்னாங்க. போன தடவை வந்தவன் நான் டீயைச் சிந்திட்டேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனான், தம்பி.

— டீயும் இல்ல, தூசியும் இல்லக்கா. இது நின்னு விழுந்த நேரத்தைப் பாருங்க. ஞாயிறு மூணு பதினாறு. திங்கள் மூணு பதினஞ்சு. நேத்து மூணு பதினாலு. சூரியனைப் பாத்து விழுற கம்ப்யூட்டரை இப்பதான் பாக்கறேன்.

— அஸர் தொழுகை நேரம்.

— மத்தியானம் லுஹர் தொழுகைக்கும் அப்படித்தான் விழுது. இதுல பாங்கு சொல்ற புரோகிராம் யாரு போட்டது?

— சி லஸ்ஹர்தான். ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்த வருஷம்.

— பாங்கு மேல குத்தமில்ல. சத்தம் வர வைக்கிற சவுண்ட் டிரைவர் பத்து வருஷப் பழசு, சிஸ்டம் புதுசு. பாங்கு அதைத் தொட்டதும் மொத்த சிஸ்டமும் நின்னுடுது. புது டிரைவர் போட அஞ்சு நிமிஷம். அப்புறம் விழவே விழாது.

— போடாத.

— என்னக்கா சொல்றீங்க?

— கேளு தம்பி. இது திரும்ப எழுந்திருக்கக் கால் மணி ஆகுது. அந்தக் கால் மணிலதான் பெல்ட்டுல பழம் பிரிக்கிற நாப்பது பொம்பளைங்க தொழறாங்க, ரொட்டி திங்கறாங்க, கக்கூஸ் போறாங்க. காலைல ஏழுலேர்ந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் நிக்கிற காலு.

— இடைவேளை கிடையாதா?

— பாங்கு உண்டு. இடைவேளை கிடையாது.

— நான் விட்டுட்டுப் போனா வேற ஆளைக் கூப்பிடுவாரு. அவனுக்கும் கண்ணு இருக்கும்.

— உனக்கு மூளை இருக்குல்ல? ரிப்பேருக்கு மட்டும்தானா அது?

— சரி, இருங்க. டிரைவரை மாத்திடறேன், ஆனா அவர்கிட்ட வேற ஒண்ணு சொல்றேன். வர்றாரு, நீங்க பேசாதீங்க.

— என்ன அனீஸ், என் கழுதை எழுந்திருச்சா?

— எழுந்திருச்சு, சி லஸ்ஹர். ஆனா பாங்கு சொல்லும்போதெல்லாம் பெல்ட்டை நீங்களே கால் மணி நிறுத்தி வைக்கணும். இல்லன்னா பழையபடி விழும்.

— லுஹருக்கும் அஸருக்குமா?

— ரெண்டுக்கும்.

— நிறுத்தினா நிச்சயம் விழாதே?

— விழாது.

— நல்லது. மப்ரூகா, எல்லார்கிட்டயும் சொல்லிடு. இத்தனை நாளா அதுவா நின்னுச்சு, மெஷின் குத்தம்னு நான் கணக்குப் பாக்கல. இனிமே நிறுத்தறது நான். ரெண்டு கால் மணி, மொத்தம் அரை மணி. இன்னைலேர்ந்து அஞ்சரைக்குத்தான் வீடு.

— அஞ்சு மணிக்கு வண்டி போயிடும், சி லஸ்ஹர்.

— வண்டிக்காரன்கிட்ட நான் பேசிக்கறேன். நீயும் எழுந்திரு, பெல்ட்டுல போயி நில்லு. விழாத கம்ப்யூட்டருக்கு ஆள் எதுக்கு? வெளிய போங்க ரெண்டு பேரும், ரூமைப் பூட்டணும்.