கழுவிவிட்ட கொழுந்து லொறி

— கத்தாத யோகா. லயத்துல கடைசித் தொங்கல் காம்பரா வரைக்கும் கேக்குது.

— கேக்கட்டும்க்கா! நாளைக்குக் கொழும்புல போட்டிக்கு வைக்க வேண்டிய லொறிய, எங்கக்கா பரிமளம் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயில்ல காயவச்சிருக்குன்னு எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்.

— ஆயுத பூசை அன்னைக்கு வண்டியக் கழுவாம வேற என்னத்தக் கழுவுவாங்க? பெரிய இவரு! பேக்டரியில மெசினக் கழுவுறாங்க, கோயில்ல மணியக் கழுவுறாங்க. நீ வேலை செய்யிற பலாங்கொடை கராஜுலயும் காலையில அதைத்தானே செஞ்சிட்டு வந்திருக்க?

— அது நிஜ வண்டிக்கா. இது மாடல். நான் கையால ஒட்டி ஒட்டிச் செஞ்சது.

— ஒரு முழம் இருந்தாலும் லொறி லொறிதான்.

— கண்ணாடிக்கு நடுவுல சந்தனம். அதுக்கு மேல குங்குமம். டயருக்குக் கீழ இது என்ன பச்சையா?

— சுண்டங்காய். தேசிக்காய் வச்சா டயர விடப் பெருசா இருக்கு.

— சுண்டங்காயாம்! அங்க என்ன கொடியில தொங்குது? ஐயோ, கொழுந்துச் சாக்கு! நான் டீ பேக்கைப் பிரிச்சுத் தச்ச சாக்கு அத்தனையும் துவைச்சுத் தொங்கவிட்டிருக்கே!

— ஊத்தைச் சாக்கை உள்ளுக்கு வச்சா சாமி ஏத்துக்குமா?

— அக்கா, எதுக்கும் முறைன்னு ஒன்னு இருக்கு. நான் கேக்குறதுக்கு ஒன்னொன்னாப் பதில் சொல்லு. அந்த லொறியில இருந்த சேறு எங்க இருந்து வந்ததுன்னு உனக்குத் தெரியுமா?

— சேறு எங்க இருந்து வரும்? றோட்டுல இருந்துதான்.

— எந்த றோட்டுல? கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு ஏறுற றோட்டுல. அந்த மண்ணையே அள்ளியாந்து, காயவச்சு, பழைய காலுறையில சலிச்சு, பசையில குழைச்சு, மட்கார்டுக்குள்ள சொட்டுச் சொட்டா அப்பினேன். துருவுக்கு இரும்புப் பஞ்சை வினிகர்ல ஊறப்போட்டேன். அந்த நாத்தத்துக்கு நீயே மூக்கைப் பொத்திக்கிட்டு ஏசின, ஞாபகமிருக்கா? எக்ஸ்ரே பிலிம்ல கண்ணாடி வெட்டினேன். சைக்கிள் டியூப்ல டயர். கராஜ் பாஸ் பாத்துட்டு 'ஷா, நியம லொரியக் வகே'ன்னாரு. நிஜ லொறி மாதிரியே இருக்காம். அந்த மனுசன் பெத்த புள்ளையக்கூடப் புகழமாட்டாரு. இப்பப் பாரு இதை. பெட்டிக்கடையில தொங்குற விளையாட்டுச் சாமான் கணக்கா மினுங்குது.

— மினுங்கினா என்ன குறைஞ்சு போச்சு?

— எல்லாம் போச்சு! இந்த வேலையில அழுக்கு இருந்தாத்தான்க்கா லொறி. எங்க துரு ஏறும், எங்க சேறு அப்பும், எந்த இடத்துல கை பட்டுப் பட்டுப் பெயிண்ட் தேயும், அதையெல்லாம் பாத்துத்தான் நடுவர் புள்ளி போடுவாரு. உள்ளது உள்ளபடி வரணும். பத்திரிகைக்காரங்க வேற வருவாங்க. கழுவுறதுக்கு முன்னால ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல?

— நீ கேட்டியா?

— நான் யாரைக் கேக்கணும்?

— உன் மச்சானை. அது அவரு ஓட்டின லொறிடா. அழகமுத்து டிரைவர் லொறின்னா இந்தத் தோட்டத்துல மட்டுமில்ல, பெல்மதுளைச் சந்தி வரைக்கும் தெரியும். விடியக்காலம் பீலியில கொட்டுற தண்ணியில கழுவாம அதை ஒரு நாள் எடுத்தது கிடையாது. என்னைக் கட்டின புதுசுல நான் சண்டையே போட்டிருக்கேன், லொறிக்கு ஊத்துற தண்ணியில பாதிய எனக்குத் தூக்கித் தந்தா என்னன்னு. அந்த லொறிய எருமை கணக்கா சேத்துல முக்கி எடுத்திருக்க. கீழ அட்டையில 'சாரதி: அழகமுத்து'ன்னு பேரு வேற. இதைக் கொண்டு போய்க் கொழும்பு ஆளுங்க முன்னால வைக்கப் போறியா?

— அவருக்காகத்தானே செஞ்சேன்! வேற யாருக்காகன்னு நெனச்ச? தேஞ்ச டயரு, கம்பி போட்டுக் கட்டின கதவு, புடிக்காத ஹேண்ட்பிரேக்கு. இப்படிப்பட்ட குப்பைய ஒரு மனுசன் கையில குடுத்துட்டு, அது உருண்டு விழுந்ததும் பழிய அவரு தலையில போட்டாங்களே, அதை நாலு பேரு பாக்கட்டும்னுதான் செஞ்சேன்.

— பாக்குறவன் அப்படியா நெனப்பான்? வண்டிய இந்தக் கோலத்துல வச்சிருந்தவன், கல்லு வைக்கவும் மறந்துதான் இருப்பான்னு சொல்லுவான். துரை ஆபீஸுல சொன்ன அதே பேச்சு.

— துரை ஆபீஸையும் என்னையும் ஒன்னாச் சேக்காத அக்கா.

— சேக்காம? அன்னைக்கு நான் ஆபீஸ் வாசல்லதான் நின்னேன். ஹேண்ட்பிரேக் புடிக்காதுன்னு அவங்க எல்லாருக்கும் தெரியும். ஏத்தத்துல நிப்பாட்டினா பின் டயருக்கு முட்டுக் கல்லு வச்சுத்தான் டிரைவர் இறங்குவாருன்னும் தெரியும். புது ஹேண்ட்பிரேக் கேட்டுக் கேட்டு இவரு வாய் நொந்ததும் தெரியும். ஆனா வாசிச்சது என்ன? 'கல்லு வைக்கல, ரியதுராகே வரத.' டிரைவர் பிழை. சிங்களத்துல வாசிச்சாங்க, முடிச்சாங்க, வேலைய விட்டு நிப்பாட்டினாங்க. கல்லு வச்சியா இல்லையான்னு ஒருத்தன் கேட்டானா? யூனியன் தலைவரு கூட, 'ஆளுக்கு ஒன்னும் ஆகலைல்ல, விடுங்க'ன்னு தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போனாரு.

— மச்சானும் வாயத் திறந்திருக்கலாம்.

— கேக்காதவன்கிட்ட என்னத்தடா சொல்லுறது? தீர்ப்பை எழுதி வச்சிட்டுத்தான் ஆளையே கூப்பிட்டாங்க.

— அதுக்காக அப்ப இருந்து இப்படிப் பேசாமயே இருந்தா? நிவித்திகல தோட்டத்துல டிரைவர் தேடுறாங்கன்னு நான்தானே அனுப்பிவச்சேன்.

— போனாரே! 'ஆ, கல்லு வைக்க மறந்த ஆளா'ன்னு கேட்டுச் சிரிச்சிருக்காங்க. வந்து படுத்தவருதான். இங்க பேக்டரிப் பொடியனுங்க 'கல்லு அழகமுத்து'ன்னு பட்டமே வச்சிட்டானுங்க. கோயிலுக்குப் போறதில்ல. சந்திக்குப் போறதில்ல. லொறிச் சத்தம் கேட்டா எந்திரிச்சு உள்ளுக்குப் போயிடுறாரு.

— நான் இதைச் செய்ய ஆரம்பிச்ச நாள்ல இருந்து இந்தப் பக்கம் திரும்பியும் பாக்கல. அதுதான்க்கா எனக்குப் பெரிய வேதனை.

— மெதுவாப் பேசு. பின்னால பீலிக்கரையிலதான் இருக்காரு.

— சரி, மெதுவாவே கேக்குறேன். நான் பாத்துச் செஞ்ச போட்டோ பொய்யா? விழுந்த அன்னைக்கு கணக்கப்பிள்ளை கிருஷ்ணகுமார் மடுவத்துல நின்னு எடுத்தது. அதைப் பெருசாக்கிப் பெருசாக்கி, ஒவ்வொரு ஒடுக்கா எண்ணாத குறையாப் பாத்தேன். பொனட் வரைக்கும் சேறு. ஒத்த லைட்டு உடைஞ்சிருக்கு. மடுவத்து வாசல்ல புதைஞ்சு நின்ன சின்ன துரை ஜீப்பு கூட அதுல இருக்கு, டயருக்குக் கீழ கல்லுக் குடுத்துத் தள்ளுறாங்க. லொறிய நிப்பாட்டின பலகையில இடம் இருந்திருந்தா அதையும் செஞ்சிருப்பேன்.

— விழுந்த பிறகு எடுத்த போட்டோதானே?

— ஆமா.

— நீ இந்தப் பலகையில லொறிய எங்க நிப்பாட்டியிருக்க?

— மடுவத்து ஏத்தத்துல.

— ஏத்தத்துல நின்னப்ப அது கழுவின லொறிடா! நீ சொல்லுற சேறு, கீழ தேயிலைக்குள்ள உருண்டு போய் அப்பின சேறு. விழாத லொறிக்கு விழுந்த சேத்தைப் பூசிட்டு, உள்ளது உள்ளபடியாம். பெரிய இவரு.

— அது... சரி. அதுல ஒரு நியாயம் இருக்கு. அதை எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே பாத்துத் துடைச்சிருப்பேன். இப்படியா தேய்க்கிறது? எதை வச்சுத் தேச்ச?

— துணியால.

— பொய். துணிக்கு இப்படிக் கீறு விழாது. பல்லு பிரஷ் இது.

— ஆமா, பல்லு பிரஷ்தான். மறந்துட்டேன்.

— உடைஞ்ச லைட்டுக்குள்ள என்ன மினுங்குது?

— டொபிப் பேப்பர். ஒத்தக் கண்ணு லொறி வீட்டுக்கு ஆகாது.

— லொறியத் திருப்பினா அடியிலயும் தேச்சிருக்கு! அடியில எந்தச் சாமி வந்து பாக்கப் போகுது? ஸ்பிரிங் பட்டைக்குத் தேங்காயெண்ணெய் வேற. இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?

— ஏன், டிரைவர் பொண்டாட்டிக்கு இது தெரியாதா?

— எங்க, ஸ்பிரிங் எதுன்னு காட்டு பாப்போம்.

— இந்தா. இதுதானே.

— அது சைலன்சர்!

— எதுவா இருந்தா உனக்கென்ன? கத்தணும்னா எங்கிட்டக் கத்து, அதோட முடிஞ்சிச்சு. பஸ்ஸுக்கு நேரமாகுது. பெட்டியில வச்சுக் கட்டு.

— இப்படியேவா? புதுப் பொண்ணு மாதிரி சந்தனப் பொட்டோடவா? அங்க வர்றவங்க ஜப்பான் கிட்டு வாங்கிச் செய்யிறவங்க. ஏர் பிரஷ் வச்சிருக்கிறவங்க. தோட்டத்துல இருந்து ஒருத்தன் சும்மா கிடந்த பிளாஸ்டிக்குல செஞ்சிருக்கான்னு அவங்க மூக்குல விரல் வைக்கணும்னு நெனச்சேன். இப்ப வாயப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாங்க. வழியில கொஞ்சம் மண்ணாவது தூவிப் பாக்குறேன். இங்க பின் டயருகிட்ட ஒரு கல்லுத்துண்டு வேற ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. வாசல் முத்தத்துக் கல்லு. இரு, தட்டிவிடுறேன்.

— தொடாத!

— என்னக்கா?

— அதைத் தொடாத யோகா. கையை எடு.

— சும்மா ஒரு கல்லுக்கா. வெள்ளையா எதையோ வேற பூசி... சுண்ணாம்பா இது?

— வெத்தலைச் சுண்ணாம்பு. அவரு முட்டுக் கல்லு அப்படித்தான் இருக்கும். மத்த டிரைவருங்க கையில அகப்பட்ட கல்லை வைப்பாங்க. இவருக்கு ஒரே கல்லு. பனி மூட்டத்துல தெரியணும்னு வெள்ளை அடிச்சு, சீட்டுக்குக் கீழ வச்சு, போற இடமெல்லாம் கொண்டு போவாரு. நீ அந்தக் காலத்துல கொழும்புல பெயிண்ட் வேலையில இருந்த. உனக்கு எங்க தெரியும்?

— அப்ப இதை இங்க வச்சது?

— நான் கழுவலடா. இந்தச் சாமானை நான் விரலால கூடத் தொடல. நீ கராஜுக்குப் போனதும் எந்திரிச்சு வந்தாரு. கொஞ்ச நேரம் நின்னு பாத்தாரு. பிறகு என் பல்லு பிரஷ்ஷை எடுத்துக்கிட்டு வாசல் இஸ்தோப்புல குந்தினவருதான். சந்தனம் எங்கன்னு கேட்டாரு. அவரா வாயத் திறந்து ஒன்னு கேட்டு எவ்வளவு காலம்னு உனக்குத் தெரியுமா? எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. சுண்டங்காய் மட்டும்தான் நான் புடுங்கிக் குடுத்தது. நீ வந்து அவருகிட்டக் கத்திட்டா மறுபடியும் போய்ப் படுத்திருவாரோன்னுதான், நானே கழுவினேன்னு நின்னேன்.

— முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா அக்கா?

— நீ கேட்டியாடா? கதவுல எங்க ஒடுக்குன்னு பாத்த. டயரு எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பாத்த. இதே காம்பராவுல அவரு பக்கத்துல உக்காந்து சோறு தின்னுக்கிட்டு, 'கல்லு வச்சீங்களா மச்சான்'னு ஒரு நாள் கேட்டியா? அவங்க வாசிச்சதை நீயும் நம்பிட்ட. அதனாலதான் உன் பலகையில எல்லாம் இருக்கு, கல்லு மட்டும் இல்ல.

— இரு. இரு அக்கா. அந்தப் போனை எடு.

— எதுக்கு இப்பப் போனு? பேச்சை மாத்துறியா?

— அந்தப் போட்டோ. பொறு, பெருசாக்குறேன். இந்தா லொறி, கீழ. இந்தா ஜீப்பு. ஜீப்பு டயருக்குக் கீழ குடுத்திருக்காங்களே, அதை நான் மடுவத்து வாசல்ல பதிச்ச கல்லுன்னு நெனச்சு விட்டுட்டேன். பாரு.

— எனக்கு அந்தப் படத்தைப் பாக்க மனசு வராது. இது வரைக்கும் பாத்ததில்ல.

— பாருக்கா! சுத்திவர எல்லாம் சேறு. இது மட்டும் வெள்ளை.

— ஐயோ, மாரியாத்தா! இது அவரு கல்லுடா. லொறிக்கு முட்டு வச்ச கல்லு சின்ன துரை ஜீப்புக்குக் கீழ எப்படிப் போச்சு?

— மச்சான்! நீங்க எப்ப வந்து நிக்கிறீங்க? மச்சான், நான் இதை...

— சேறு வேணும்னாத் திரும்பப் பூசிக்கோ, யோகா. அந்தக் கல்லை மட்டும் யாரும் எடுக்காமப் பாத்துக்க. ஒருக்கா எடுத்தது போதும்.