ஆய்வுக்கு முந்தின நாள் தண்ணீர்

இந்த ஊர்க் குடிநீர் நிலையத்தில் பம்பு ஓட்டுவதும் வால்வு திறப்பதும் என் வேலை. வயது நாற்பத்து நான்கு. நிலையத்துக்குப் பின்னால் உள்ள பணியாளர் குடியிருப்பில், மாடி வீட்டில், கணவரோடு இருக்கிறேன். பதிவில் என்ன பெயர் இருந்தாலும் ஊரில் 'வால்வு அக்கா' என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். நிலையத்தின் கண்காணிப்பாளர் என் கூடப்பிறந்த அண்ணன். எனக்கும் அவருக்கும் முன்விரோதம் எதுவும் இல்லை. இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். பிரதான வால்வை மூடி, கைப்பிடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஊருக்குத் தண்ணீர் தர மறுத்தேன் என்று என்மேல் புகார். அது உண்மை. ஏன் மறுத்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. சுகாதார ஆய்வாளர் தண்ணீர் மாதிரி எடுக்க வரும் தேதி எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அன்று மட்டும் தொட்டியில் பிளீச்சிங் பவுடரை இரண்டு மடங்காகக் கொட்டுவோம். மாதிரி தேறிவிடும், ஆனால் அன்றைய தண்ணீரை வாயில் வைக்க முடியாது, மருந்து நெடி மூக்கைத் துளைக்கும். இது ஊருக்கும் அத்துப்படி. அதனால் ஆய்வுக்கு முந்தின நாளே குடம், அண்டா, வாளி என்று கண்ணில் பட்டதிலெல்லாம் நிரப்பி வைத்து, இரண்டு நாளைக்கு அதையே குடிப்பார்கள். ஆய்வாளர் சோதித்துப் பார்க்கும் தண்ணீரில் எங்கள் ஊர் பாத்திரம்தான் கழுவும். இதைச் சொல்லி நாங்களே பல தடவை சிரித்திருக்கிறோம்.

நாளை ஆய்வு. இன்று காலை சாக்கடையைத் தூர்வார வந்த இயந்திரம் சந்தைத் தெரு முனையில் எங்கள் குழாயை உடைத்துவிட்டது. அதன் பிறகு அண்ணன் சொன்னபடி, குழாய் வேலை பார்க்கும் எங்கள் பிட்டர் உடைப்பின்மேல் ரப்பர் டியூபைச் சுற்றிக் கம்பியால் இறுக்கினார். அதற்குள் குழாய்க்குள் சாக்கடை இறங்கியிருக்கும் என்று சந்தேகப்பட்டு, பிட்டரை நிலையத்துக்கு வரவழைத்துக் கொஞ்சம் தண்ணீர் விடச் சொல்லிவிட்டு நான் நேரில் போய், உடைப்பைத் தாண்டியுள்ள தெருக் குழாயைத் திறந்து பார்த்தேன். முதலில் கறுப்பாக வந்தது, அதன் பிறகு தெளிந்தது. தெளிந்த தண்ணீரைக் கையில் ஏந்தி முகர்ந்தபோது சாக்கடை நாற்றம் அடித்தது.

அதன் பிறகு நிலையத்துக்குத் திரும்பி அண்ணனிடம் சொன்னேன்.

"அண்ணே, இன்னைக்கு விட வேண்டாம். குழாயைக் கழுவிட்டு அப்புறம் விடுவோம்."

"நாளைக்குக் கழுவிக்கிட்டு நின்னா அந்த ஆளு எதுல மாதிரி எடுப்பாரு? ஏற்கெனவே ஒரு தடவை தேறல. இன்னொரு தடவைன்னா என் சீட்டைக் கிழிச்சிருவாங்க."

"அப்ப மருந்தை இன்னைக்கே போடுங்க."

"இருக்கிறது நாளைக்கே காணாது. தெரிஞ்சுக்கிட்டே கேக்குற பாரு."

"இன்னைக்குப் பிடிக்கிறதைத்தாண்ணே ஊரே குடிக்கும்!"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டார். அண்ணியிடம், "இன்னைக்கு வர்ற தண்ணியைப் பிடிக்காத. ஏன்னு கேக்காத. பேத்திக்குப் பால் கலக்கக் கடையில கேன் வாங்கிக்க" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அதுவரை அவர்மேல் வைத்திருந்த மரியாதை அந்த இடத்திலேயே போய்விட்டது.

அதன் பிறகுதான் வால்வை மூடிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தேன். தண்ணீர் வரவில்லை என்று குடங்களோடு கூட்டம் கூடிவிட்டது. குழாயில் சாக்கடை கலந்துவிட்டது என்று தொண்டை கிழியக் கத்தினேன். "அண்ணன் தங்கச்சி சண்டைக்கு எங்களைக் காயப்போடுறியா?" என்று ஒரு பெண் கேட்டார். அண்ணனும், அது வீட்டுத் தகராறுதான், தண்ணீரில் ஒரு குறையும் இல்லை என்றார். அதோடு விடாமல், நிலையத்துக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து எல்லார் முன்னாலும் மடமடவென்று குடித்துக் காட்டினார். அது தொட்டியை ஒட்டிய குழாய். அந்தத் தண்ணீர் உடைப்புப் பக்கமே போகாதது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் கூட்டம் கை தட்டியது. அதன் பிறகு யார் யாரோ என்னை இழுத்துத் தள்ளி, மடியிலிருந்த கைப்பிடியைப் பிடுங்கி அண்ணனிடம் கொடுத்தார்கள். அண்ணன் தன் கையாலேயே வால்வைத் திறந்தார். அதன் பிறகு உங்கள் காவலர்கள் வந்து என்னை இந்தக் காவல் நிலையத்துக்குக் கூட்டி வந்தார்கள்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது காவலர் ஒருவர் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். எப்போது பிடித்தது என்று கேட்டேன். நாளைக்கு நெடி அடிக்குமே என்று சற்று முன்னர்தான் நிறையப் பிடித்து வைத்ததாகச் சொன்னார். நான் குடிக்கவில்லை. அதன் பிறகு எழுதிக்கொண்டிருந்த எழுத்தர் ஐயா பேனாவை வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்த் தம் வீட்டுக்குப் பேசிவிட்டு வந்தார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் இதையும் எழுதச் சொன்னேன், எழுதியிருக்கிறார். அண்ணன் வீட்டுக்குத் தெரியும், எழுத்தர் வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. மற்ற வீடுகளுக்கு யார் போன் போடுவது? வாசலில் ஒலிபெருக்கி கட்டிய ஜீப் சும்மா நிற்கிறது. அதை முதலில் அனுப்புங்கள், என்னை எத்தனை நாள் வேண்டுமானாலும் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே உள்ளதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான், சொன்னபடிதான் இருக்கிறது.

பதிவு செய்த அதிகாரியின் குறிப்பு: ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டிய விவரம் எங்களில் எவருக்கும் சரிவரத் தெரியாததால், வாக்குமூலம் அளித்தவரே மைக்குடன் ஜீப்பில் அனுப்பப்பட்டுள்ளார். கையொப்பம் அவர் திரும்பி வந்த பின் பெறப்படும்.